இதர செலவு

இந்தக் குடும்பத்தில் இனிமேல் என் பேச்சுதான் செல்லும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு முடிவு செய்தேன். நேரம்கூட ஞாபகம் இருக்கிறது. அப்போதுதான் மேனேஜர் கூப்பிட்டு மாற்றல் உத்தரவைக் கையில் கொடுத்தார். வேறு ஊர்க் கிளை. அங்கேயும் நான்தான் ஸ்டோர் சூப்பர்வைசர். வீடு மாற்றும் செலவுக்குக் கம்பெனி மொத்தமாக ஒரு லட்சம் கொடுத்துவிடும். பில் கேட்காது. மிச்சம் பிடித்தால் அது என் சாமர்த்தியம்.

மிச்சம்! அந்தச் சொல்லைக் கேட்டதும் என் கண் முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சிவப்பு. கல்யாணத்துக்கு முன்னால் என்னிடம் அப்படி ஒன்று இருந்தது ஐயா. கல்யாணமான மூன்றாம் மாதம் அதை விற்றுத்தான் கட்டில் வாங்கினோம். பதினெட்டு வருஷமாகப் பஸ் கம்பியில் தொங்குகிறேன். நடுவில் மனைவியிடம் ஏழு தடவை கேட்டுப் பார்த்தேன். ஏழு தடவையும் "இந்த வயசுலயா?" என்றாள். முதல் தடவை கேட்டபோது எனக்கு முப்பது!

குழாய், வால்வு, வாஷர் என்று எண்ணாயிரம் சாமானுக்குக் கணக்கு வைத்திருப்பவன் நான். ஒரு வீட்டுச் சாமான் எனக்கு எம்மாத்திரம்? பட்ஜெட் போட உட்கார்ந்தேன். லாரிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் வீட்டைச் சுற்றி வந்து, பீரோவை ஒரு தட்டுத் தட்டி, "எழுபதாயிரம் ஆகும் சார்" என்றார்.

"எழுபதா? இந்தச் சாமான் மொத்தமும் அவ்வளவு பெறாதே!"

"அது உங்களுக்குத் தெரியும் சார். லாரிக்குத் தெரியாது."

அவர் போனதும் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். "எதுக்குங்க லாரி? என் தம்பி அந்த ஊர்லதானே இருக்கான். சரக்கு வேன் ஓட்டறான். பாதிக்குப் பாதியில முடிச்சுக் குடுப்பான்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. போன தடவை வீடு மாற்றியபோது அந்த மகானுபாவர்தான் ஃபிரிட்ஜைக் குப்புறப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார். கேட்டதற்கு, "அதுவும் ரெஸ்ட் எடுக்கட்டுமே மாமா" என்றார்.

"உன் தம்பிக்கு இந்தப் பணத்துல சல்லிக்காசு போகாது. போக விடமாட்டேன். இது என் சபதம்!"

"சரி, போகாது. காபி ஆறுது பாருங்க."

பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் உடனே "சரி" என்றாள். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் எனக்கு அந்த யோசனை உதித்தது. எழுபதாயிரம் கொடுத்து ஏன் பழைய சாமானை ஏற்ற வேண்டும்? மொத்தத்தையும் இங்கேயே விற்றுவிட்டு, கைவீசிக்கொண்டு ரயில் ஏறினால்? கணக்குப் போட்டேன். கம்பெனி தருவது ஒரு லட்சம். விற்றால் நாற்பது. அங்கே அத்தியாவசியச் சாமான் வாங்க அறுபது. பயணத்துக்குப் பத்து. மிச்சம் எழுபது. மோட்டார் சைக்கிள் விலை? அதுவும் எழுபது! கணக்குக்கே என் மேல் இரக்கம் வந்துவிட்டது போலிருந்தது.

கம்பெனி லெட்டர் தாளில், கோடு போட்டு, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

"இதர செலவு எழுபதாயிரம்னா என்னங்க?"

"எதிர்பாராத செலவு. திடீர்னு ஏதாவது வந்தா?"

"ரொம்ப நாளா எதிர்பார்த்து எழுதின மாதிரி இருக்கே."

"ஸ்டோர்ல இதுதான் முறை. உனக்குப் புரியாது."

"புரியல, புரியல" என்றவள் திடீரென்று குரலை உயர்த்தினாள். "அதை விடுங்க. வீட்டையே விக்கப் போறீங்களா? நான் விடமாட்டேன். அந்தக் கட்டிலு, அந்தப் பீரோ, அந்தச் சோபா... முடியவே முடியாது!"

அவ்வளவுதான். எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆண்மகன் எழுந்துவிட்டான். அவள் முடியாது என்று சொல்லச் சொல்ல, விற்றே தீருவது என்று வைராக்கியம் ஏறியது.

கீழ் வீட்டுத் தையல்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "எனக்குத் தெரிஞ்ச பார்ட்டி ஒருத்தர் இருக்கார். எனக்குச் சின்னதா ஒரு கமிஷன் போதும்" என்று சாயங்காலமே ஒருவரைக் கூட்டிவந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, வெறுங்கண்ணால் எல்லாவற்றையும் பார்க்கிற ஆசாமி. சோபாவைப் பார்த்து, "உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியுமா?" என்றார். ஃபிரிட்ஜைத் திறக்கவே இல்லை. வாஷிங் மெஷினைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். கடைசியில், "மொத்தமா இருபத்தஞ்சு" என்றார்.

"நாற்பதுக்குக் குறைஞ்சு கிடையாது" என்றேன்.

அந்த நேரம் பார்த்து மனைவி பீரோவைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "என்னை விட்டுப் போறியா? எத்தனை சேலையைப் பாத்திருப்ப நீ!"

வியாபாரி என் காதருகில் குனிந்தார். "அம்மா மனசு மாறிடப் போறாங்க சார். முடிக்கிறதுன்னா இப்பவே முடிச்சிடுங்க."

நியாயமாகப் பட்டது. முடித்துவிட்டேன். அவர் நோட்டுக் கட்டை எண்ணிக் கொடுத்தார். அவள் அழுகையும் டக்கென்று நின்றது. குடும்பத்தில் ஓர் ஆண் உறுதியாக இருந்தால் பெண்கள் அடங்குவார்கள் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய மடையன் பாருங்கள்!

பதினைந்து குறைந்ததில் 'இதர செலவு' ஐம்பத்தைந்தாக இறங்கியது. சிவப்பு மையால் திருத்தி, பக்கத்தில் மறுபடியும் கையெழுத்துப் போட்டேன். மீதிப் பதினைந்துக்கு ஆபீஸில் கடன் கேட்டுக்கொள்ளலாம். மோட்டார் சைக்கிளை விட்டுக்கொடுக்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

வேலையில் சேர வேண்டிய தேதி நெருங்கியதால் நான் முன்னால் கிளம்பினேன். நான் கிளம்பிய பிறகு சாமானை எடுத்துக்கொள்வதாக வியாபாரி சொல்லியிருந்தார். ரயிலடியில் மனைவி அடக்க ஒடுக்கமாகக் கேட்டாள்.

"புது எடத்துல நீங்க வேலையைப் பாப்பீங்களா, கடை கடையா அலைவீங்களா? சாமான் வாங்கறதை நான் பாத்துக்கறேன். அந்தப் பட்ஜெட் தாளையும் பேங்க் கார்டையும் குடுங்க."

"ஒரு காசு தாண்டக் கூடாது."

"உங்க கையெழுத்து மேல சத்தியமா தாண்ட மாட்டேன்."

கொடுத்தேன். நானே என் கையால் எடுத்துக் கொடுத்தேன். இதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஐந்து நாள் கம்பெனி அறையில் தங்கிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் புது வீட்டுப் படியேறினேன். கதவு திறந்திருந்தது. உள்ளே கால் வைத்தேன். கூடத்தில் ஒரு சோபா. வலது கைப்பிடியில் இஸ்திரிப் பெட்டி சுட்ட முக்கோணத் தழும்பு. அந்தத் தழும்பை வைத்தவனே நான்தான்.

"அடியேய்! இது நம்ம சோபா!"

"ஆமா, நம்ம சோபாதான்" என்றாள், உள்ளேயிருந்து. "நேத்துத்தான் வாங்கினேன்."

உள்ளே ஓடினேன். நம்ம கட்டில். நம்ம பீரோ. ஃபிரிட்ஜ் நிமிர்ந்து நின்று உறுமிக்கொண்டிருந்தது.

"யார்கிட்ட வாங்கின?"

"என் தம்பிகிட்ட."

"அவனுக்கு எப்படிக் கிடைச்சது?"

"இது என்னங்க கேள்வி? நீங்கதானே வித்தீங்க. நெத்தியில கண்ணாடி வெச்சிருந்தாரே, அவர் தம்பியோட கூட்டாளி. தையல்காரர்கிட்ட நான்தான் சொல்லி வெச்சிருந்தேன். பாவம், அவருக்குக் கிட்டப் பார்வை. கண்ணாடி போட்டா உங்க முகம் தெரிஞ்சு சிரிப்பு வந்துடும்னு மேல ஏத்தி விட்டுக்கிட்டாராம்."

என் ரத்தம் கொதித்தது. "இருபத்தஞ்சுக்கு வித்ததை எவ்வளவுக்கு வாங்கின?"

"நீங்க எழுதின அறுபதுக்கு. ஒரு காசு தாண்டல."

"முப்பத்தஞ்சாயிரம் கொள்ளையா! இது பகல் கொள்ளை! போலீசுக்குப் போவேன்!"

"போயி என்ன சொல்வீங்க? எங்க வீட்டுச் சாமான் பத்திரமா எங்க வீட்டுக்கு வந்துடுச்சுன்னா?" அவள் நிதானமாகத் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டே பேசினாள். "கொள்ளை எங்க இருக்கு? லாரிக்காரர் எழுபது கேட்டார். தம்பி பாதிக்கு முடிப்பான்னு நான் அன்னைக்கே சொன்னேன். எழுபதுல பாதி எவ்வளவு? நீங்கதான் கணக்குல புலியாச்சே."

வாயைத் திறந்தேன். முப்பத்தைந்து என்று மனசு சொல்லிவிட்டது. மூடிக்கொண்டேன்.

"அன்னைக்கே சரின்னிருந்தா தையல்காரர் கமிஷனாவது மிஞ்சியிருக்கும். சபதம் வேற போட்டீங்க. பட்ஜெட்ல என் தம்பி பேரு எங்கயாவது வருதா, எடுத்துப் பாருங்க. சாமான்னு எழுதியிருக்கு, சாமான் வந்திருக்கு."

"பீரோவைக் கட்டிக்கிட்டு அழுதியே, அது?"

"பின்ன? நீங்க நாப்பதுலயே நின்னுக்கிட்டிருந்தா?"

நான் சோபாவில் விழுந்தேன். வியாபாரி சொன்னது உண்மை, எழுந்திருக்க முடியவில்லை. போகட்டும். சபதம் போகட்டும், மானம் போகட்டும். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும்.

"அந்த... இதர செலவு?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் தலையணையை வைத்துவிட்டுச் சிரித்தாள். "தூக்கத்துல கிக்கரை உதைக்கிறீங்க, ஹாரன் அடிக்கிறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? இன்னும் எத்தனை நாள் பஸ்ல தொங்குவீங்க? அதையும் வாங்கிட்டேன். கீழே நிக்குது, போய்ப் பாருங்க."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த உத்தமியையா திட்டினேன்? மூன்று மாடியையும் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன். வாசலில், இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், புத்தம் புதிதாக நின்றது.

ஸ்கூட்டர். மஞ்சள் நிறம். முன்னால் காய்கறி வைக்க ஒரு கூடை.

பின்னாலேயே வந்தவள் சாவியைத் தன் இடுப்பிலிருந்து எடுத்தாள். ஏறி உட்கார்ந்து கண்ணாடியைத் தன் முகத்துக்குத் திருப்பிவைத்தாள். "தம்பிதான் ஓட்டக் கத்துக்குடுத்தான், நாலே நாள்ல. திங்கக்கிழமையிலேர்ந்து உங்களை ஆபீஸ்ல நானே விட்டுடறேன். இப்போ ஒரு ரவுண்டு போலாம், ஏறுங்க."

ஏறினேன். வேறென்ன செய்ய? விழுந்துவிடாமல் இருக்க அவள் தோளைப் பிடித்தேன்.

"தோள்ல கை வைக்காதீங்க, பின்கம்பியைப் பிடிங்க. புது ஊரு, நாலு பேர் பாத்தா என்னைப் பத்தி என்ன நெனைப்பாங்க?"