மாமாவின் மிளாவுக்கு நான் கட்டிய கேமரா

எனக்குக் கடல் தெரியும், மரம் தெரியாது. பெண் பார்க்கப் போன அன்றே இதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால், இன்று குலசேகரத்தில் தலைநிமிர்ந்து நடந்திருப்பேன். நான் முட்டத்தில் பிறந்து, மஸ்கட்டில் ஏசி மாட்டிப் பிழைப்பவன். மனைவி ஷைனி குலசேகரத்துக்காரி. அவளுடைய அப்பாவுக்கு, அதாவது என் மாமாவுக்கு, காட்டை ஒட்டி ஒரு ரப்பர் விளை, அதாவது தோட்டம், உண்டு. என் மானம் போனது அந்த விளையில்தான்.

மாமாவின் கஷ்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு காலையில் அவர் தன் விளையில் மிளாவைப் பார்த்தார். மிளா சாதாரண மான் இல்லை, மாடு உசரம் நிற்கும், கிளைவிட்ட கொம்பு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வைத்து எல்லாரிடமும் சொன்னார். அவருடைய அண்ணன் (எனக்குப் பெரியமாமா, அடுத்தவரைக் கிண்டலடிக்காவிட்டால் சோறு இறங்காது) "மிளாவும் இல்ல மண்ணும் இல்ல. எவனுக்க எருமையோ கயறு அறுத்துட்டு வந்திருக்கும்" என்றார். ஊரே சிரித்தது.

அதோடு விட்டார்களா? மாமா வாயைத் திறந்தாலே "இதும் மிளாதானா?" மழை வரும் என்றால் மிளா. பஸ் போய்விட்டது என்றால் மிளா. ஷைனியின் தம்பிக்குப் பெண் பேசிய அன்று, "அந்த வீட்டு ஆளுவ நல்லவுங்க, எனக்குத் தெரியும்" என்று மாமா சொல்ல, பெரியமாமா பந்தியிலேயே "மிளா" என்றார். மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவினார். அப்புறம் நாலு பேர் கூடுகிற இடத்தில் மனுஷர் பேசுவதையே விட்டுவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. போன லீவுக்கு வரும்போது ஒரு கேமரா வாங்கி வந்தேன். மரத்தில் கட்டிவைத்தால் போதும், முன்னால் எது அசைந்தாலும் தானே படம் பிடித்துக்கொள்ளும். "பத்தே நாள் மாமா. உங்க மிளாவ டிவியில காட்டுதேன்" என்றேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மக்கா, மானத்தக் காப்பாத்திரு" என்றார். (யாருடைய மானத்தை என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.)

மிளாவுக்கு உப்பு உயிர் என்று மொபைலில் படித்தேன். முட்டத்துக்காரனுக்கு உப்புக்கா பஞ்சம்? அம்மா கருவாடு போட்டு மிச்சம் வைத்திருந்த உப்பு ஒரு சாக்கு நிறைய இருந்தது. அதைக் கொண்டுவந்து விளையின் கடைசியில் கொட்டினேன். எதிரே இருந்த ரப்பர் மரத்தில், சரியான உயரத்தில், கம்பி வளையத்துக்குள் ஒரு தேங்காய்ச் சிரட்டை இருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் கேமராவை வைத்துக் கட்டினேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. கேமரா வேலை செய்கிறதா என்று முன்னால் போய்ச் சோதித்தும் பார்த்தேன். (எப்படிச் சோதித்தாய் என்று இப்போது கேட்காதீர்கள்.) பத்து நாளைக்கு யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது, மிளாவுக்கு ஆள் வாடை ஆகாது என்று வீட்டில் உத்தரவும் போட்டேன்.

பத்தாம் நாள் ஞாயிறு. மாமா தைரியமாக அண்ணன் குடும்பத்தையே சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வேகிறது, நான் விளைக்கு ஓடுகிறேன். போய்ப் பார்த்தால் கேமராவைக் காணோம். அதிருந்த இடத்தில் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு ரப்பர் உருண்டை. விளையில் ரப்பர் பால் வெட்டுகிற ராஜமணி அண்ணன் பக்கத்தில்தான் நின்றார்.

"அண்ணே, என்ன காரியம் செய்தீய?"

"நான் எங்க செய்தேன்? வெட்டுக்கு நேர கீழ நீங்கதான கெட்டியிருந்தீய? கெல்ஃபு மருமொவன் புது மாதிரி சிரட்டை கொண்டாந்திருக்காருன்னுல்லா நெனச்சேன். பால் ஒண்ணும் நிக்கல. சரி, படிச்சவுங்க செய்தா ஏதாவது இருக்கும்னு சும்மா இருந்துட்டேன்."

ஐயோ! மரத்தை வெட்டினால் பால் வடிந்து விழுவது அந்தச் சிரட்டையில்தான் என்று குலசேகரத்தில் பிறந்த பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். உருண்டையைக் கத்தியால் கீறி, உள்ளேயிருந்த மெமரி கார்டை எடுத்தேன். எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

டிவி கடைசியாக எடுத்த படத்திலிருந்து காட்டத் தொடங்கியது. வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. நூறு படத்துக்கு மேல் வெள்ளை. "பனியாக்கும்" என்றார் பெரியமாமா. "குலசேகரத்துல ஐஸ் பெய்யுது பாத்தியளா?" அப்புறம் கேமரா கட்டிய அன்று ராத்திரி எடுத்த படங்கள் வந்தன. ஊர் நாய்கள் அத்தனையும் கருவாட்டு உப்பைச் சுற்றி மாநாடு போட்டிருந்தன. நான் மாமாவின் பக்கம் திரும்பவே இல்லை. அவர் பெருமூச்சு விட்டது மட்டும் கேட்டது. இந்த மனுஷரைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று இருந்த கொஞ்சத்தையும் கெடுத்துவிட்டேன்.

கடைசியாக, அன்று சாயங்காலம் கேமராவைக் கட்டியதும் எடுத்த மூன்று படங்கள். ரிமோட்டைப் பிடுங்குவதற்குள் வந்துவிட்டன.

ஓட்டை பனியனும் அரைக்கால் சட்டையுமாக நான். நாலு காலில். ஒரு கையைத் தலைமேல் கொம்பாக விரித்து, நாக்கை நீட்டி, உப்பை நக்குவதுபோல் பாவனை. (மிளாவின் உயரத்தில் கேமரா பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?)

பெரியமாமா சிரித்ததில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "ஏலே தம்பி, நீ பாத்த மிளா இதானா? மருமொவன்னு முன்னமே சொல்லப்படாதா?" ஷைனி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். குலுங்கியதைப் பார்த்தால் அழுகை மாதிரித் தெரியவில்லை.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து டிவியிடம் போனார். கண்ணாடியைப் போட்டார். என் முதுகுக்குப் பின்னால், விளை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் விரலை வைத்தார். "இஞ்ச பாருங்க."

கிளைவிட்ட கொம்போடு முழுசாக ஒரு மிளா. முதல் படத்தில் என்னையே வெறித்துப் பார்க்கிறது. இரண்டாவதில் கழுத்தைச் சாய்க்கிறது. மூன்றாவதில் பார்த்தது போதும் என்று திரும்பி நடக்கிறது. நான் தேடிய மிளா எனக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறது. நான் நாக்கை நீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெரியமாமாவின் சிரிப்பு நின்றது. ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். "மிளாதான்" என்றார் கடைசியில். மாமாவின் கண் கலங்கிவிட்டது.

"மாமா, என்னைய மட்டும் படத்துலேருந்து வெட்டிட்டு மிளாவ வச்சுக்கிடலாம்" என்று கெஞ்சினேன்.

"நீ சும்மாரு மக்கா. நீ இல்லேன்னா, எங்கயோ எடுத்த படம்னு சொல்லிருவானுவ. நீ நிக்கதுனாலதான் இது எனக்க விளை."

அந்தப் படத்தைக் காலண்டர் அளவுக்குப் பெரிதாக்கி, முன்னறையில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டார். மாமாவுக்கு இப்போது ஊரில் நல்ல மதிப்பு. கல்யாணப் பேச்சு, நிலத் தகராறு எதுவென்றாலும் அவரைத்தான் கேட்கிறார்கள். போன மாதம் எங்கள் மகளின் முதல் பிறந்தநாளுக்கு வந்தவர்களையெல்லாம் பெரியமாமாவே படத்தின் முன் நிறுத்திக் காட்டினார். "முன்னால நிக்கது மருமொவன், பின்னால நிக்கது மிளா. மாத்திப் பிடிச்சிராதீங்க."

நான் வீட்டில் எதைச் சொன்னாலும் ஷைனி பதில் சொல்வதில்லை. ஒரு கையைத் தலைமேல் கொம்பாக வைத்துக் காட்டுகிறாள். மகளும் முதலில் கற்றுக்கொண்டது அதைத்தான்.