ஜெனரேட்டருக்குக் குளிர்ஜுரம்

உலக வரலாற்றில் இருள் இரண்டு முறைதான் நிஜமாகப் பயந்து நடுங்கியிருக்கிறது. மனிதன் கல்லோடு கல்லை உரசியபோது ஒருமுறை. 1961 தை மாதம், கறம்பக்குடிக்குப் பக்கத்து ஊரில், பஞ்சாயத்துத் தலைவர் உடையப்பன் ஜெனரேட்டரின் கயிற்றைப் பிடித்தபோது மறுமுறை.

அந்த ஊருக்குப் பிரசவ விடுதி ஒன்று சாங்ஷன் ஆகியிருந்தது. ஒரு நர்ஸ், ஒரு கட்டில், இரண்டு சர்க்கார் கம்பளி, கரண்டு இல்லாத குறை தெரியாமலிருக்க இரண்டு பேர் தூக்கக்கூடிய ஒரு ஜெனரேட்டர். விடிந்த பிறகு விளக்கு எரிந்தால் எவன் மதிப்பான்? ஆகவே திறப்பு விழாவை விடியலுக்கு முன்பே வைத்தார் உடையப்பன். புதுக்கோட்டையிலிருந்து பெரிய அதிகாரி ஜீப்பில் வந்துகொண்டிருந்தார்.

விழாவின் புனிதம் தெரியாத உண்ணாமலைக்கு அன்றைக்குப் பார்த்தா இடுப்புவலி எடுக்க வேண்டும்?

நர்ஸ் சேதுலட்சுமி ஓடிவந்தாள். "பிரசிடெண்டு ஐயா, புள்ள திரும்பிக் கெடக்குங்க. அரிக்கேன் வெளிச்சத்துல ஒண்ணும் தெரியல. சீக்கிரம் லைட்டப் போடுங்க!"

"பொறு நர்ஸம்மா. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

இருந்தது. கோயிலில் யாருக்கு எந்த வரிசையில் மரியாதையோ, அந்த வரிசையில்தான் கயிறு இழுக்க வேண்டும். ஆளுக்கு ஒரே இழுப்பு. இரண்டாவது இழுப்பு அடுத்தவர் மரியாதையில் கைவைப்பதாகும். உடையப்பன் இழுத்தார். ஊர்ப் பெரியதனக்காரரான பெரிய அம்பலம் குமரப்பன் இழுத்தார். சின்ன அம்பலம் வெள்ளைச்சாமி, தன்னை மூன்றாவதாகக் கூப்பிட்டதற்குக் கோபித்து, சமாதானமாகி, இழுத்தார். ஒவ்வொருவருக்கும் பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கைப் புதிதாக இழுத்துவிட்டதில் இயந்திரம் மூக்குமுட்டப் பெட்ரோல் குடித்து, 'புஸ்' என்று தும்மியதோடு சரி.

உடனே அவசரக் கூட்டம் கூடியது.

"தைப்பனி தரையைத் தொளைக்கும்பாங்க. இரும்பு எம்மாத்திரம்? மிஷினுக்குக் குளுரு கண்டிருக்கு" என்றார் குமரப்பன்.

"சாம்பிராணி போடுவமா?" என்றார் வெள்ளைச்சாமி.

"பெட்ரோலுக்குப் பக்கத்துலயா? மூணு பேரும் ஒண்ணா மேல போயிருவோம். அப்பறம் அங்கிட்டு யாருக்கு மொத மரியாதைன்னு சண்டை வரும்!" என்றார் உடையப்பன்.

'இயந்திரத்துக்குக் கதகதப்பு ஊட்டுவது' என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. உடையப்பன் நேரே பிரசவ அறைக்குப் போனார். கண்ணியமானவர், உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. கதவுக்கு வெளியே நின்று கையை மட்டும் நீட்டி, உண்ணாமலைக்கு விரித்திருந்த கம்பளியையும் போர்த்தியிருந்த கம்பளியையும் கேட்டார்.

"புள்ளத்தாச்சி வெடவெடன்னு நடுங்குதுங்கய்யா!" சேதுலட்சுமிக்கு அழுகையே வந்துவிட்டது.

"அவளுக்கு வெளிச்சம் வேணுமா, வேணாமா?"

இப்படி மடக்கிக் கேட்கத் தன்னால்தான் முடியும் என்று உடையப்பனுக்குப் பெருமையாக இருந்தது. கம்பளிகள் வெளியே வந்தன.

இரண்டையும் போர்த்தி, சந்தனம் தடவி, மாலையும் போட்டதும் ஜெனரேட்டருக்கு மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது. ஜீப்பில் வந்து இறங்கிய அதிகாரி அதைப் பார்த்து மெய்சிலிர்த்தார். 'கிராமத்தின் இருளை அகற்றிய' உடையப்பனை அவர் அரைமணி நேரம் பாராட்டியதில் பொழுதே விடிந்துவிட்டது. அதற்குப் பிறகு விளக்கு எதற்கு? யாரும் கயிற்றைத் தொடவில்லை.

உள்ளே குழந்தை வீறிட்டது. சேதுலட்சுமி அரிக்கேனைப் பல்லில் கடித்துக்கொண்டு பிரசவம் பார்க்காத குறைதான். எப்படியோ இரண்டு உயிரும் பிழைத்தன.

உண்ணாமலையின் புருஷன் பிச்சை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். தன் சட்டையைக் கழற்றி அதில் சுற்றியிருந்தான். வெற்றுடம்போடு அவனுக்குப் பல் தந்தியடித்தது.

உடையப்பனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நம்ம விடுதியில மொதப் புள்ள! அதிகாரி ஐயாவே பேரு வைக்கட்டும். என்ன பேருடா வேணும், சொல்லு."

பிச்சை, கம்பளிக்குள் சுகமாக உட்கார்ந்திருந்த இயந்திரத்தைப் பார்த்தான்.

"ஜெனரேட்டருன்னே வச்சிருங்கய்யா. அப்பவாச்சும் இவனுக்குப் போத்த ஒரு கம்பளி குடுப்பீக."