சனிக்கிழமை வரைக்கும்

குளியல் தொட்டியில் பத்துப் பவுண்டு பாஸ் மீன் கிடப்பதுகூட எமெட்டுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மனைவி டார்லா வேலை முடிந்து வரும் நேரம் ஆகிவிட்டது என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது.

மீனைப் பிடித்ததில் தப்பில்லை. பிடித்த கிழமைதான் தப்பு. மீன்பிடி சங்கத்தின் போட்டி சனிக்கிழமை. அன்றைக்குப் பிடித்து, அன்றைக்கே உயிரோடு எடைபோட்டு, திரும்ப ஏரியில் விட வேண்டும் என்பது விதி. இன்று வெள்ளி.

அவனையும் குற்றம் சொல்வதற்கில்லை. அந்த அலபாமா ஏரியில் ஒரு காலத்தில் கரையோரப் பாசிக்குள் தூண்டிலைப் போட்டால் போதும். சில வருஷமாகக் கோடை கொளுத்துகிறது. பாசி கருகி, மீன்களெல்லாம் நடு ஏரியின் ஆழத்துக்குக் குடிபோய்விட்டன. அங்கே அவற்றைத் தேடச் சோனார் வேண்டும். படகுக்கு முன்னால் தண்ணீருக்குள் நடப்பதை டிவி மாதிரி காட்டும் கருவி அது. சமையலறைக்குப் புதுத் தரை போட டார்லா சேர்த்து வைத்த பணத்தில் எமெட்டும் ஒன்று வாங்கினான்.

"இந்த வருஷமும் கோப்பை வரலைன்னா, அந்தப் பெட்டியை வித்துட்டுத் தரை போடுறோம்" என்று அவள் சொல்லிவிட்டாள்.

மீன்கள் வந்து, இரையை மோந்து பார்த்து, முகம் திருப்பிக்கொண்டு போவதைக் கோடை முழுக்கத் திரையில் தெளிவாகப் பார்த்தான். இன்று காலை திரை அப்படியே நின்றுபோனது. கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, மறந்துபோய்த் தொங்கவிட்டிருந்த தூண்டிலை இந்த மீன் தானாக வந்து கவ்வியது.

இப்போது அது தொட்டியில் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் மாதக் குழாய்த் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. எமெட் ஃப்ரீஸரிலிருந்த ஐஸை எல்லாம் கொட்டினான். அது போதாமல் உறைந்த பட்டாணிப் பையையும் போட்டான். மீன் வாலால் ஓர் அடி அடித்தது. பை கிழிந்து, தொட்டி முழுக்கப் பச்சைப் பட்டாணி மிதந்தது. தண்ணீர் வழிந்து கூடத்துக்குப் போனது.

வாசலில் செருப்புச் சத்தம்.

"எமெட், கூடத்துல ஏன் இவ்வளவு தண்ணி?"

எமெட் குளியலறைக் கதவைத் தாழிட்டான். "குழாய் உடைஞ்சிருச்சு. உள்ள வராத."

"நான் குளிக்கணும்."

"கொஞ்சம் பொறு, நானே சரி பண்ணிடுறேன்."

"நீ சரி பண்ணின கொல்லைக் கதவு இன்னும் மூட மாட்டேங்குது. இரு, அண்ணனை வரச் சொல்றேன்."

எமெட் தாழ்ப்பாளை இன்னொரு தடவை சரிபார்த்தான். அவள் அண்ணன் வெர்லின் குழாய் வேலை செய்பவன். அதோடு போன இரண்டு வருஷமும் கோப்பையைத் தட்டிச் சென்றவன். சங்கத்தின் விதிகளுக்கெல்லாம் காவல்காரனும் அவனே.

உடைந்த குழாய் என்று சொல்லியாகிவிட்டது. காட்டுவதற்கு ஒன்றாவது வேண்டும். எமெட் ஸ்பேனரை எடுத்து, கைகழுவும் தொட்டிக்கு அடியில் லேசாகத்தான் திருகினான். குழாய் கையோடு வந்துவிட்டது.

வெர்லின் வந்தபோது தண்ணீர் கதவிடுக்கு வழியாகப் பாய்ந்துகொண்டிருந்தது. "மாப்பிள்ளை, கதவைத் திற. ஊரே மிதக்குது."

வேறு வழியில்லை. திறந்தான். வெர்லின் முதலில் குழாயை அடைத்தான். பிறகு திரும்பினான். அவனுக்குப் பின்னால் டார்லா நின்றாள்.

"இது என்ன?"

"மீன், மச்சான்."

"அது தெரியுது. பட்டாணி எதுக்கு?"

"குளிர்ச்சிக்கு."

வெர்லின் குனிந்து மீனை உற்றுப் பார்த்தான். அதன் வாலைத் தூக்கி இன்னொரு தடவை பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

"நாளைக்குப் போட்டி. இன்னைக்கே பிடிச்சு வச்சிருக்க. நம்ம சங்கத்துல இதுக்கு என்ன பேரு தெரியுமா? திருட்டு. வீட்டு மாப்பிள்ளைன்னு பார்க்க மாட்டேன். இப்பவே ஏரியில விட்டுடு. மேல பேச்சு வேண்டாம்."

டார்லா கணவனைப் பார்த்த பார்வையில் பட்டாணி வெந்துபோயிருக்கும். எமெட் தலையைக் குனிந்துகொண்டான். "தப்புதான் மச்சான். உன்னை மாதிரி நேர்மையா ஜெயிக்க எனக்குத் துப்பில்ல."

"பழகினா வரும்" என்றான் வெர்லின் பெருந்தன்மையாக.

யாரோ வாசல் கதவைத் தட்டினார்கள். டார்லா போய், ஓர் இளம்பெண்ணை அழைத்து வந்தாள். பல்கலைக்கழகத் தொப்பி, கையில் ஒரு சின்ன ஆண்டெனா. அது தொட்டியை நோக்கிக் கீச்சிட்டது.

"மன்னிச்சுக்கோங்க. ஏரி சூடாகிறதால மீனெல்லாம் எங்க போகுதுன்னு ஆராய்ச்சி பண்றோம். இது வயித்துல எங்க கருவி இருக்கு. காலையிலேயே ஏரியில சிக்னல் காணாமப் போச்சு."

"தப்பு என்னோடதுதான்மா" என்றான் எமெட். "இப்பத்தான் வெர்லின் மச்சான் புத்தி சொன்னாரு."

"ஓ, நீங்கதான் வெர்லினா?" அவள் முகம் மலர்ந்தது. "முதல்ல உங்க வீட்டுலதான் சார் போய்த் தேடினேன். போன ரெண்டு வருஷமும் போட்டிக்கு முந்தின நாள் இது அங்கதான இருந்துச்சு."