கண்மாய்க்கரையில் இரண்டு அன்னங்கள்

பொன்னுத்தாயி என்ற பெண்ணை ஒரு கண்மாய்க்கரையிலிருந்து அழித்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு அன்னப்பறவைகளை நீந்தவிட்டவன் நான். தெரியாமல் செய்த பிழை அல்ல. அவருடைய கணவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அழிப்பது யாரை என்றும் தெரிந்துகொண்டு செய்தேன். எழுபத்தைந்து வயதாகிறது. இனி இதற்குச் சாக்குச் சொல்லிப் பயனில்லை.

அந்தக் கணவரை ஊர் முழுக்கப் பொறுங்கண்ணாச்சி என்றுதான் அழைத்தார்கள். சிவகாசி, திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடப் பழகிய ஊர். அச்சகங்களில் 'நாளைக்கு வேண்டும்' என்றால் நேற்றே வேண்டும் என்று பொருள். அப்படிப்பட்ட ஊரில் அவரைவிட நிதானமாக வந்தது மழை ஒன்றுதான். சில ஆண்டுகளில் அதுகூட அவரை முந்திவிடும்.

பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு சிறிய ஸ்டூடியோ வைத்திருந்தார். கேமராவுக்குப் பின்னால் போனால் அவர் வாயில் வருவது ஒரே வாக்கியம்: "செத்த பொறுங்க." பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்க உட்கார்ந்த ஒருவர் எழுந்திருக்கும்போது தாடி வளர்ந்திருந்தது என்று ஊரில் சொல்வார்கள். அது மிகை. மீசை கொஞ்சம் தடித்திருந்தது, அவ்வளவுதான்.

மனித முகங்களை அவர் வயிற்றுக்காக எடுத்தார். மனம் முழுக்க மலையிலும் அருவியிலும் மேகத்திலும் இருந்தது. நான் வேலை பார்த்த ஆஃப்செட் அச்சகத்தில் காலண்டருக்குப் படம் தேர்ந்தெடுப்பதும், படத்துக்குக் கீழே ஒரு பொன்மொழி போடுவதும் என் பொறுப்பு. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குச் சிவகாசி கொடுத்த உத்தியோகம் அது. இயற்கைக் காட்சி வேண்டுமென்றால் பொறுங்கண்ணாச்சியைத்தான் அனுப்புவோம்.

ஒருமுறை குற்றாலத்துக்கு அனுப்பினோம். நல்ல சீசன். நான்கு நாளில் வருவதாகச் சொல்லிப் போனவர், ஒன்றரை மாதம் கழித்து வந்தார். மேசையில் அவர் வைத்த படத்தை முதலாளி திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஈரம்கூட இல்லாத பாறை ஒன்று பளிச்சென்று இருந்தது.

"அருவி எங்கய்யா?"

"அருவிக்குள்ள பூரா ஆளு மொதலாளி. துண்டும் சோப்புமா நிக்காக. ஆளு போனாத்தான எடுக்க முடியும்?"

"சரி, ஆளு போச்சுல்ல?"

"போச்சு. தண்ணி நின்ன பெறகுதான் ஆளு போச்சு."

பட்டாசுக் கம்பெனிக்காரர் ஒருவர் குடும்பத்தோடு மூணாறு போனபோது இவரைக் கூட்டிக்கொண்டு போனார். தேயிலைச் சரிவில் குடும்பத்தை நிறுத்திவைத்து, "அண்ணாச்சி, இன்னும் ஒரு எட்டு எடப்பக்கமா. ஆச்சி, நீங்களும் ஒரு எட்டு" என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். ஆல்பம் வந்தது. தேயிலை இருந்தது, மேகம் இருந்தது, ஓரத்தில் ஆச்சியின் சேலைத்தலைப்பு ஒரு விரற்கடை இருந்தது. குடும்பம் இல்லை.

இதைச் சொல்லி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது பொன்னுத்தாயி சொன்னார்: "அவுகளுக்காவது சேலைத்தலைப்பு கெடச்சது சார். எங்க கல்யாணத்துல அதுவும் இல்ல." தாலி கட்டும் நேரத்தில், மாப்பிள்ளையாகிய இவர், படம் எடுக்க வந்தவரைக் கைகாட்டி நிறுத்திவிட்டாராம். வெளிச்சம் தூணில் விழுகிறது, முகத்துக்கு வரட்டும் என்று. வெளிச்சம் முகத்துக்கு வந்தபோது முகங்கள் எல்லாம் பந்தியில் இருந்தன. "மணையில கழட்டி வச்ச மாலையை எடுத்துருக்காக. மாலை நல்லா விழுந்துருக்கு. கழுத்துதான் இல்ல."

பொன்னுத்தாயி நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவர். வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் கையால்தான். கொடைக்கானல், தேக்கடி என்று எங்கே கூடப் போனாலும், மலை மறைக்கிறது என்று அவரை ஒதுங்கச் சொல்லிவிடுவார் கணவர். போட்டோக்காரர் பொண்டாட்டிக்கு உலகத்தில் ஒரு போட்டோகூட இல்லை. வாக்காளர் அட்டையில் ஒன்று உண்டு. அது கறுப்பாக ஏதோ ஒரு நிழல். அதைக் காட்டி அந்த வீதியில் எந்தப் பெண்ணும் ஓட்டுப் போட்டிருக்கலாம்.

இரண்டாயிரம் பிறந்த புதிதில் எங்கள் அச்சகத்துக்குச் சி.டி.க்கள் வந்தன. ஒரு தட்டில் ஆயிரம் வெளிநாட்டுக் காட்சிகள். பனிமலை, ஏரி, சிவப்புக் கூரை வீடு. குற்றாலத்துக்கு ஆள் அனுப்புவது நின்றது. பொறுங்கண்ணாச்சி அதற்குக் கோபப்படவில்லை. ஒருநாள் வந்து என் எதிரே உட்கார்ந்து, தனக்கு ஒரே ஓர் ஆசை இருப்பதாகச் சொன்னார்.

"நம்ம ஊரு காலண்டர் நாடு பூரா தொங்குது சார். ஒண்ணுலயாவது நம்ம ஊரு இருக்கா? வத்திராயிருப்புப் போற ரோட்டுல ஒரு கண்மா இருக்கு. அது பெருகி, மளை வெறிச்சு வானம் தெளிஞ்ச மறுநாளு வந்து பாருங்க. மலை பத்தடி தூரத்துல வந்து நிக்கும். அதை எடுத்துத் தாரேன். போடுவீகளா?"

போடுவோம் என்றேன். கண்மாய் பெருக வேண்டுமே என்ற தைரியம்.

அவர் காத்திருக்கத் தொடங்கினார். அந்த ஆண்டுகளில் எங்கள் பக்கம் மழை இருந்த இருப்பைச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி பிறந்தால் மொபெட்டில் ஸ்டாண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். முதல் வருடம் கண்மாயில் கிரிக்கெட் விளையாடினார்கள். இரண்டாம் வருடம் முழங்கால் தண்ணீர், மலையைக் காணோம். மூன்றாம் வருடம் மலை வந்தது, தண்ணீர் இல்லை. நான்காம் வருடம் இரண்டும் இருந்தன. வெளிச்சம் வருவதற்குள் இவருக்கு மலேரியா வந்தது.

ஐந்தாம் வருடம் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. இரண்டு நாளாக வீடு திரும்பாத மனிதருக்குச் சோறு கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போயிருக்கிறார் பொன்னுத்தாயி. சிவப்புச் சேலை, கையில் தூக்குச்சட்டி. கரையில் பாதி தூரம் நடந்தபோது மேகத்தின் அடியில் வெயில் விழுந்தது. எதிர்க்கரையில் கணவர் கேமராவுக்குக் குனிவது தெரிந்தது.

"வளக்கம்போல ஒதுங்கப் போனேன் சார்" என்று பொன்னுத்தாயி பின்னால் என்னிடம் சொன்னார். "அங்கனயே நில்லு புள்ளன்னு சத்தம் குடுத்தாக. இருபது வருசத்துல மொத தடவ."

ஸ்லைடு பிலிமில் எடுத்த படம். அதற்கு நெகட்டிவ் கிடையாது. எடுத்த அந்தத் துண்டுதான் எல்லாம். என் மேசை விளக்கில் வைத்துப் பார்த்தேன். ஈயம்போல விரிந்த தண்ணீர், நீலமாக எழுந்து நிற்கும் மலை, நடுவில் நெல்மணி அளவுக்கு ஒரு சிவப்பு. எத்தனையோ ஆயிரம் படங்களைப் பார்த்துத் தேய்ந்த கண் எனக்கு. ஆனாலும் அதை விளக்கிலிருந்து எடுக்காமல் மறுபடி மறுபடி பார்த்தேன்.

"அந்தச் செவப்பு எங்க வீட்டுல சார்" என்றார், புது மாப்பிள்ளை வெட்கத்தோடு. "எதையும் மாத்த மாட்டீகள்ல?"

"வாக்குத் தாரேன் அண்ணாச்சி. ஒரு புல்லைக்கூட அசைக்க மாட்டேன்."

முதலாளி படத்தை ஒரு நிமிடம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா சன்னலைத் தொறந்தா தெரியுற மலையை எவன்யா ஆணியடிச்சு மாட்டுவான்? மலையில கொஞ்சம் பனியைப் போடு. கரையில ஒரு வீடு. ஆமா, அது யாரு, தூக்குச்சட்டியோட? பஞ்சம் பொழைக்கப் போற மாதிரி. அதை எடுத்துரு."

இது இன்னார் என்று நான் சொல்லியிருக்கலாம். கேட்டிருக்கவும் கூடும், கெட்ட மனிதர் அல்ல. ஆனால் எனக்கு ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. அதுவரை அவரிடம் எதையும் மறுத்துச் சொன்னதில்லை, புதிதாகத் தொடங்கச் சோம்பலாக இருந்தது. உண்மையான காரணம் அவ்வளவு சிறியது.

கணினியில் இருந்த பெண் கேட்டாள்: "சார், இது அப்படியே அளகாத்தான இருக்கு. எதுக்கு?"

"சொன்னதைச் செய்ம்மா" என்றேன்.

பனி பெய்தது. சிவப்புக் கூரை வீடு எழும்பியது. பொன்னுத்தாயி போன இடத்தில் ஒரு வெறுமை தெரிந்தது. 'இங்கே ஏதாவது வைக்கணும் சார்' என்று அந்தப் பெண் சொன்னாள். சி.டி.யிலிருந்து இரண்டு அன்னங்களைக் காட்டியவன் நான்தான். மாற்றியதை அதே பெயரில் சேமித்தார்கள், மாற்றாத படம் கணினியிலிருந்தும் அழிந்தது. ஸ்கேனர் உருளையில் எண்ணெய் தடவி ஒட்டிய அந்தப் பிலிம் துண்டு, வேலை முடிந்ததும் குப்பைக்கூடைக்குப் போனது. கீழே என் வழக்கப்படி ஒரு பொன்மொழி போட்டேன். 'பொறுத்தார் பூமி ஆள்வார்.' கேலியாகப் போடவில்லை. பட்டியலில் அடுத்து இருந்தது அது.

ஆடிப்பெருக்கன்று புது ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம். அன்று இருவரும் வந்தார்கள். பொன்னுத்தாயி அதே சிவப்புச் சேலை கட்டியிருந்தார். அரைநாள் லீவு போட்டு, கம்பெனியில் கூடச் சரம் பின்னுகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தார். நான் அவர்களை மாடி ஜன்னலில் பார்த்தேன். பார்த்ததும் காகிதக் கிடங்குக்குள் போய் ரீம் கட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டேன். அவர்களே ஆல்பத்தைப் புரட்டினார்கள். ஒரு தடவை புரட்டி முடித்து, தவறவிட்டோமோ என்று மறுபடி முதலிலிருந்து புரட்டினார்களாம். இரண்டாம் தடவையில் மலையின் விளிம்பை வைத்து அண்ணாச்சி கண்டுபிடித்துவிட்டார்.

மூன்று நாள் கழித்து, பழம் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். "வாங்க சார், உக்காருங்க, காப்பி குடிக்கீகளா" என்றார் பொன்னுத்தாயி. அன்று கேட்டு வாங்கிவந்த அந்தக் காலண்டரைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். கிடங்கில் ஒளிந்ததையும் சொன்னேன்.

பொறுங்கண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை, மலையைப் பார்த்தார். "பனி நல்லாத்தான் விளுந்துருக்கு. இனிமே சிவகாசியில யாருக்கும் வேக்காடு இருக்காது."

பொன்னுத்தாயி நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்: "அந்த ரெண்டு அன்னத்துல நான் எது சார்? கம்பெனியில கேக்காளுக."

அவரே எழுந்து, நெற்றியிலிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, கணவரைக் கேட்டுக் கேட்டு, காலண்டரில் தான் நின்ற இடத்தில் ஒட்டினார். "இப்ப சரியாப் போச்சு. விடுங்க சார், பாவம்" என்றார். பாவம் என்றது என்னை.

அதன்பின் ஒவ்வொரு ஐப்பசியிலும் நான் கண்மாயைப் போய்ப் பார்த்துவரத் தொடங்கினேன். மூன்று வருடம் கழித்து மறுபடி பெருகியது. வாடகைக் கார் வைத்து இருவரையும் அழைத்துப் போனேன். அதே சேலை, அதே தூக்குச்சட்டி. பொன்னுத்தாயி கரையில் போய் நின்றார். வானம் அழுக்குத் துணிபோல இருந்தது, மலை இருக்கும் திசையே தெரியவில்லை. ஆனால் மேற்கே மேகம் உடைந்துகொண்டிருந்தது. அது எனக்கே தெரிந்தது.

பொறுங்கண்ணாச்சி கேமராவை எடுத்தார். உடனே அமுக்கினார். பெட்டியை மூடினார்.

"அண்ணாச்சி, செத்த பொறுங்க. வெளிச்சம் வருது" என்றேன்.

"பொறுத்து என்ன சார் ஆகப்போவுது? அவ நிக்கா. போதும்."

நாங்கள் காரில் ஏறிப் பாதி வழி வந்தபோது வெயில் விழுந்தது. மலை பத்தடி தூரத்தில் வந்து நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. படத்தைக் கழுவிப் பார்த்தால், மலை இல்லை, தண்ணீர் சாம்பல் நிறம், பொன்னுத்தாயி கண்ணை மூடியிருந்தார். பொறுங்கண்ணாச்சி வாழ்நாளில் எடுத்த படங்களிலேயே மோசமான படம் அதுதான். அதற்குப் பிறகு அவர் மலைப்பக்கம் போகவில்லை. ஸ்டூடியோவில் ஆள் உட்காருவதற்குள் படம் எடுத்துவிடுகிறார் என்று ஊரில் பாராட்டிப் பேசினார்கள்.

பொன்னுத்தாயி அடுத்த மாசியில் மஞ்சள்காமாலையில் இறந்துபோனார். கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் அடிக்க அந்தப் படத்தைக் கொண்டுபோனவன் நான். கணினியில் இருந்தவர் திரையில் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கண்ணு மூடியிருக்கே சார். வேற ஒரு பொம்பளை கண்ணை எடுத்து வச்சுரட்டா? ரெண்டு நிமிசம்தான்."

"வேண்டாம்."

"போஸ்டர்ல நல்லாருக்காது சார்."

"எதையும் மாத்தாதப்பா. இருக்கிறபடியே இருக்கட்டும்."

என் வாழ்நாளில் அந்த வாக்கியத்தை நான் சொன்னது அந்த ஒருமுறைதான். சொல்ல வேண்டிய நாள் தாண்டி நான்கு வருடம் ஆகியிருந்தது.

போன மாதம் பொறுங்கண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். தேதித்தாள் எல்லாம் எப்போதோ தீர்ந்துபோன அந்தக் காலண்டர் அட்டை இன்னும் சுவரில் இருக்கிறது. பசை காய்ந்து பொட்டு கீழே விழுந்திருந்தது. பொன்னுத்தாயி வைத்துவிட்டுப் போன பொட்டு அட்டையில் இன்னும் ஏழோ எட்டோ மீதி இருந்தன. ஒன்றை உரித்து விரல் நுனியில் வைத்துக்கொண்டு, பின்னால் நகர்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். முன்னால் போனார். ஒரு நூல் அளவு இடப்பக்கம் நகர்த்தினார். மறுபடி பின்னால் வந்தார்.

அவசரப்படாமல் அவர் செய்யும் வேலை இப்போது அது ஒன்றுதான். நான் ஏதோ பேச வாயெடுத்தேன்.

"செத்த பொறுங்க சார்" என்றார்.

பொறுத்தேன்.