சுவருக்குள் எல்லாம் இருக்கிறது

ஒயர் இழுக்காதவர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் கட்டடத்திலும் ஒருவர் இருப்பார், தேடிப் பாருங்கள். பால்கனி வழியாகப் பக்கத்து வீட்டுக்காரன் இன்டர்நெட் கேபிளைத் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்தால், யாரோ உள்பனியனோடு கல்யாணத்துக்கு வந்துவிட்டதைப் போல முகம் சுளிப்பார். துளை போடும் இயந்திரத்தின் சத்தம் கேட்டால் மாடி ஏறிப்போய் நிறுத்துவார். காரணம் கேட்டால் ஒரே வாக்கியம்தான்: "சுவருக்குள்ள ஏற்கனவே ஒயர் ஓடுது. இன்னொண்ணு எதுக்கு?"

பெய்ரூத்தில், மஸ்ரா பகுதியில், எங்கள் கட்டடத்தின் நான்காம் மாடியில் இருக்கும் உஸ்தாத் நாஸிஃப் இந்த இனத்தின் முழுமையான வடிவம். உஸ்தாத் என்றால் வாத்தியார்; பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு ரவுட்டர் விருந்தினர் அறையில் இருக்கிறது, ஏனென்றால் தொலைபேசி லைன் அங்கேதான் வருகிறது. விருந்தினர் அறையோ பூட்டியே இருக்கிறது, ஏனென்றால் அவர் மனைவி விதாதின் சோஃபாக்கள் அங்கே பிளாஸ்டிக் உறைக்குள் யாரோ பெரிய மனிதரின் வருகைக்காக வருடக்கணக்கில் மூச்சடக்கிக் காத்திருக்கின்றன. மகள் ரனீமின் அறை வீட்டின் மறுகோடி. நடுவில் பழைய காலத்துத் தடித்த சுவர்கள் நாலு. வைஃபை அவற்றில் மோதி, சமையலறைக்குள் வருவதற்குள் மூர்ச்சையாகிவிடும்.

நாஸிஃப் இரண்டு அடாப்டர் பெட்டிகள் வாங்கிவந்தார். ஒன்றை ரவுட்டரோடு இணைத்து அருகிலுள்ள சுவர் பிளக்கில் செருகினார். மற்றதை மகளின் அறைச் சுவரில் செருகினார். மின்சாரம் ஓடும் அதே ஒயரில் இன்டர்நெட்டும் ஓடியது. ஓடியது என்றால், விளக்குகள் பச்சையாக எரிந்தன. மூன்று பச்சை விளக்குகள்! அன்றிலிருந்து அவர் வீட்டுக்குப் போனால் காபிக்கு முன்னால் அந்த விளக்குகளைத்தான் காட்டுவார். காபி ஆறிப்போகும். விளக்கு ஆறாது.

ஆனால் ஒரே ஒயரில் இரண்டு பேர் குடியிருந்தால் என்ன நடக்கும்? விதாத் மிக்ஸியைப் போட்டால் நெட் திணறும். வாஷிங் மெஷின் சுற்றினால் நெட் சுருளும். முடி உலர்த்தினால் நெட் உலர்ந்துவிடும். அரசாங்கக் கரன்ட் போனால் ஜெனரேட்டர்காரன் அளந்து தரும் ஐந்து ஆம்பியருக்குள் குடும்பம் நடத்தும் ஊர் இது. இஸ்திரிப் பெட்டி போட்டால் வாட்டர் ஹீட்டரை அணைக்க வேண்டும் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கு மேல், நெட் ஓடும்போது மிக்ஸி ஓடக்கூடாது என்று இவர் வேறு சட்டம் போட்டார். விதாத் ஒருநாள் பொறுமை இழந்தாள்.

"ஏன் நாஸிஃப், இந்தப் பூண்டை நான் எப்ப அரைக்கட்டும்? உன் நெட் தூங்கின பிறகா?"

"உரல்ல இடி. கைக்கு நல்லது."

"ஒரு கேபிள் போட்டுட்டா போச்சு."

"என் சலவைக்கல் தரையில பாம்பு மாதிரி ஒயரா? என் பொணத்து மேலதான்!"

"அப்பவும் உன் மேல ஒயர் போட விடமாட்டே நீ."

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் ரனீமுக்குக் கடலுக்கு அக்கரையில், மார்ஸேய் நகரத்து கட்டட வரைபட நிறுவனம் ஒன்றிலிருந்து நேர்காணல் வந்தது, வீடியோவில். கட்டடக்கலை படித்துவிட்டு இரண்டு வருடமாகச் செல்போன் கடையில் உறை விற்றுக்கொண்டிருந்த பெண். அத்தனை விண்ணப்பங்களுக்கு வந்த ஒரே பதில் அதுதான்.

அன்று காலை மூன்று விளக்கும் பச்சை. எல்லாம் சரியாக இருந்தது. இந்த இனத்துக்கு அது ஒன்றுதான் பொறுக்காது. நாஸிஃபுக்கு ஒரு யோசனை வந்தது. நடுவில் கரன்ட் போனால்? ரவுட்டர், ஊரில் எல்லா ரவுட்டரையும் போல, யூபிஎஸ் பேட்டரியில் இருந்தது. அவர் விருந்தினர் அறை அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கி யூபிஎஸ்ஸில் செருகினார்.

"பாபா, தொடாதீங்க! நல்லாத்தானே இருக்கு!"

"இனிமே கரன்ட் போனாலும் நெட் போகாது கண்ணே. யார் மூளை?"

யூபிஎஸ் வழியாகப் போன நெட் சுவர் ஒயருக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை; விளக்கு ஒன்று சிவப்பானது. நேர்காணல் தொடங்கியபோது மார்ஸேய்க்காரர்களின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து சேர்ந்தது. நாஸிஃப் யோசிக்கவே இல்லை. குற்றவாளி யார் என்பது அவருக்குத் தெரியும்: மிக்ஸியைவிடப் பெரிய மோட்டார் வைத்திருக்கும் கட்டடத்தின் லிஃப்ட். நேராக மாடிப்படியில் இறங்கிக் கீழே ஓடி, கத்தரிக்காய்ப் பைகளோடு லிஃப்டுக்குள் கால்வைத்த ஆறாம் மாடி உம்மு ஜாதை மறித்தார்.

"லிஃப்ட் வேண்டாம் உம்மு ஜாத். நடந்து போங்க. பொண்ணுக்கு இன்டர்வியூ."

"லிஃப்டுக்கும் இன்டர்வியூவுக்கும் என்ன உஸ்தாத் சம்பந்தம்? லிஃப்டையா வேலைக்கு எடுக்கறாங்க?"

அவர் விளக்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து அரசாங்கக் கரன்ட் போனது.

விருந்தினர் அறையில் ரவுட்டர் எரிந்தது. யூபிஎஸ்ஸில் அடாப்டர் எரிந்தது. ஆனால் சுவர் செத்துவிட்டதே! மறுகோடியில் மகளின் அடாப்டரும் இருண்டுவிட்டதே! காது கேட்கும் ஆள் யாருமில்லாத வீட்டில் தனியாகப் பேசிக்கொண்டிருந்தது அந்தப் பெட்டி. ஜெனரேட்டர் எழுந்து, பெட்டிகள் எழுந்து, ஒன்றையொன்று அடையாளம் கண்டு முடிப்பதற்குள் மார்ஸேய் கிளம்பிப் போய்விடும்.

ரனீம் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். அவளுக்கு முன்பே விதாத் அங்கே போய் நின்றாள். விருந்தினர் அறைப் பூட்டைத் திறந்து, திரையை இழுத்து, நடுச் சோஃபாவின் பிளாஸ்டிக் உறையை இரண்டு கையாலும் சரட்டென்று உரித்தாள்.

"உக்காரு."

"அம்மா, உங்க சோஃபா…"

"யாருக்காக இத்தனை வருஷம் வச்சிருந்தேன்? உக்காரு."

ரவுட்டர் கைக்கெட்டும் தூரத்தில். மார்ஸேய்க்காரர்கள் முழு முகத்தோடு திரும்பி வந்தார்கள்.

மாடிப்படி இருட்டில் உம்மு ஜாத் மூச்சுவாங்கிக்கொண்டே சொன்னது எனக்கு மூன்றாம் மாடிவரை கேட்டது. "நல்லவேளை உஸ்தாத், லிஃப்டுல ஏறியிருந்தா மாட்டியிருப்பேன்."

"அதுக்குத்தானே நிறுத்தினேன்," என்றார் நாஸிஃப்.

வேலை கிடைத்தது. ரனீம் மார்ஸேய் போய்விட்டாள். விருந்தினர் அறையில் இப்போது விதாத் தினமும் காலை நீட்டி உட்கார்ந்து மகளோடு பேசுகிறாள். நாஸிஃப் அங்கே வருவதில்லை. கொள்கை! மகளின் பழைய அறையில், அடாப்டர் பக்கத்தில் உட்கார்ந்துதான் அழைப்பார். ஆலோசனை சொல்ல வாயைத் திறந்த நிலையில் மகளின் திரையில் அப்படியே உறைந்துபோவார். அப்பா வாயைத் திறந்தும் பேசாமலிருக்கும் ஒரே நேரம் அதுதான் என்று அந்தப் பெண் அந்தப் படங்களைச் சேர்த்துவைத்திருக்கிறாளாம்.

நிற்க. நாஸிஃப் அடாப்டரை யூபிஎஸ்ஸில் செருகிய இடத்தில், "அட, அதை நேராகச் சுவரிலல்லவா செருக வேண்டும்" என்று உங்கள் உதடு அசைந்ததா? மகளை முதலிலேயே விருந்தினர் அறையில் உட்காரவைத்திருக்கலாம் என்று தோன்றுவதற்கு முன்பே அசைந்ததா?

அப்படியானால் நீங்களும் அந்த இனம்தானா என்று வீட்டில் உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் எழுந்து போன பிறகுதான் சொல்வார்கள்.