என் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் திருடன்

மரியாதைக்குரிய சின்ன மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் தலை குனிந்து எழுதிக்கொள்வது. தலையை நிமிர்த்தி எழுதினாலும் உங்களுக்குத் தெரியப் போவதில்லை, ஆனாலும் குனிந்துதான் எழுதுகிறேன். இங்கே அப்பா நலம், அம்மா நலம், வீட்டுக்கு வந்த திருடனும் நலம். நான் ஒருத்திதான் நலமில்லை. நீங்கள், அத்தை, குட்டிப்பயல் மூன்று பேரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களிடம் போனில் பேசலாமே என்று அம்மா சொல்வாள். போனில் நான் பேசினால் "ம்", "இல்லை", "அம்மாகிட்ட குடுக்கறேன்" என்ற மூன்றுதான் வரும் என்று உங்களுக்கே தெரியும். விஷயம் இந்த மூன்றில் அடங்காது. அதனால்தான் கடிதம்.

மாமா, நீங்கள் போலீஸ்காரர். ஒரு திருடனைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அவன் எங்கும் ஓடவில்லை, ஒளியவில்லை, எங்கள் கடையில் என்னுடைய ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு இப்போது இரண்டாவது டீ குடிக்கிறான். அந்த ஸ்டூல் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முன்னறைதான் கடை, கடையில் சாவி வெட்டும் மெஷின், மெஷினுக்குப் பின்னால் ஸ்டூல். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நான் வீட்டில் நின்றபோது, இந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எல்லோரும் என் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டிருந்தீர்களே, அப்போது அப்பா ஒன்றும் பேசாமல் அந்த ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அங்கே உட்கார்ந்தால் வாடிக்கையாளர்களுக்கு என் தலைமுடி மட்டும்தான் தெரியும். யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். நான் வெட்டிக் கொடுத்த சாவியை அப்பா வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து "ம்" என்பார். உலகத்தில் எனக்கென்று இருந்தது அந்த ஸ்டூலும் அந்த "ம்"மும்தான் மாமா. இரண்டும் போய்விட்டன.

எப்படிப் போயின என்று கேளுங்கள். சனிக்கிழமை மத்தியானம் அப்பாவும் அம்மாவும் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். கல்யாணத்தில் "இவதான் உங்க பொண்ணா, பேசவே மாட்டாளா" என்று கன்னத்தைப் பிடித்து இழுப்பார்கள், அதனால் நான் போகவில்லை. வழக்கம்போல வெளியே பூட்டிவிட்டுப் போகச் சொன்னேன். பூட்டியிருந்தால் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள், நானும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். வாசல் கதவில் இருப்பது அப்பா தன் கையாலேயே செய்த பூட்டு. அதற்குச் சிங்கம் என்று பெயர். "இதைத் தொறக்கறவன் இனிமேதான் பொறக்கணும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஆனால் அப்பாவிடம் ஒரு தொழில் பழக்கம் உண்டு. எந்தப் பூட்டைப் பூட்டினாலும், அது திறக்கிறதா என்று உடனே ஒரு தடவை திறந்து பார்ப்பார். "பூட்டுறது எல்லாரும் பூட்டுவான், தொறக்கணும்ல" என்பார். திறந்து பார்த்த பிறகு மறுபடியும் பூட்ட வேண்டும். அன்றைக்கு அம்மா தெருவிலிருந்து "முகூர்த்தம் முடிஞ்சு பந்தியும் முடிஞ்சுடும், வாங்க" என்று கத்தினாள். அப்பா பூட்டினார், திறந்து பார்த்தார், திருப்தியோடு போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. ஒட்டடைக் கம்பு மாதிரி ஒருவன் உள்ளே வந்தான், உடம்பு குச்சி, மேலே புதர் மாதிரி முடி. நான் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முன்பின் தெரியாத ஆளிடம் மெதுவாகப் பேசவே எனக்கு வராது, கத்துவது எப்படி? அவன் அலமாரிப் பக்கம் இரண்டு எட்டு வைத்தவன், என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு, "அப்பா இல்லையா?" என்றான். தலையாட்டினேன். "சாவி ஒண்ணு போடணும்" என்றான். பெஞ்சைக் காட்டினேன். அவன் பாவம், வேறு வழி தெரியாமல் உட்கார்ந்துவிட்டான். நான் சாவியை அரத்தால் ராவிக்கொண்டே இருந்தேன், அவன் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுக்கு எழுந்து போகக் கூச்சம், எனக்குப் போகச் சொல்லக் கூச்சம். அப்படியே அப்பாவும் அம்மாவும் வந்து சேர்ந்தார்கள்.

அப்பா திறந்து கிடந்த கதவைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை, நேராகக் குனிந்து சிங்கத்தைப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. "யாருப்பா தொறந்தது?" என்றார். ஒட்டடைக் கம்பு தடாலென்று காலில் விழுந்தான். "நான்தான் ஐயா. தெரியாம வந்துட்டேன் ஐயா. எதையும் தொடலை ஐயா."

"அதை விடு. எதால தொறந்த?"

"கையாலதான் ஐயா."

"கையாலயா!" அப்பா அம்மாவைப் பார்த்தார். "கேட்டியா? கம்பி இல்ல, சாவி இல்ல, வெறுங்கை! பொறந்துட்டான்டி, பொறந்துட்டான்!"

அவன் நிஜமாகவே அழுதுகொண்டு, "ஐயா, என்னைப் போலீஸ்ல குடுத்துடுங்க" என்றான். "போலீஸ்காரனுக்குப் பூட்டைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் அப்பா. நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் மாமா, ஆவேசத்தில் சொன்னது. பிறகு சிங்கத்தைப் பூட்டிவிட்டு, "இன்னொரு தடவை தொறந்து காட்டு" என்றார். அவன் கதவைத் தடவினான், கைப்பிடியைத் தடவினான், நெற்றியில் வேர்வை ஓடியது, நின்றான். எனக்கு நிம்மதியாக இருந்தது, சாயம் வெளுத்துவிட்டது என்று நினைத்தேன். அப்பா அவன் தோளில் கை போட்டு, "கூச்சப்படறான். வித்தை தெரிஞ்சவன் நாலு பேர் முன்னால காட்ட மாட்டான்" என்றார். மாமா, நான் பிறந்ததிலிருந்து கூச்சப்படுகிறேன். அதற்கு இந்த வீட்டில் "உம்மணாமூஞ்சி" என்று பெயர். அவன் ஒரு மத்தியானம் கூச்சப்பட்டான், அது வித்தையாகிவிட்டது.

அன்று சாயங்காலமே "அம்மாடி, நீ கொஞ்சம் எந்திரி, தம்பி உக்காரட்டும்" என்றார் அப்பா. எழுந்தேன். அவ்வளவுதான், இன்னும் உட்காரவில்லை. இப்போது என் இடம் சமையலறை வாசற்படி, என் வேலை டீ. அம்மாவாவது கேட்பாள் என்று பார்த்தால், அவள் அவன் விலா எலும்பைப் பார்த்து உருகிவிட்டாள். முட்டையில் பெரியது அவனுக்கு. பாலில் ஆடை அவனுக்கு. தலையணை உறை தைத்துக்கொள் என்று எனக்குத் தருவதாகச் சொன்ன அப்பாவின் நீலச் சட்டை அவனுக்கு, அதுவும் பித்தான் வைத்துத் தைத்துக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்! அலமாரிச் சாவியையும் அவனிடம்தான் கொடுத்து வைத்திருக்கிறாள். "நம்ம வீட்டுல ஒரு ஆம்பளப் புள்ள இருந்தா இப்படித்தான இருந்திருக்கும்" என்றாள் ஒருநாள். என்னிடம் இருந்த மாற்றுச் சாவியால் அலமாரியைத் திறந்து போட்டுவிட்டு, எதையாவது எடுக்கிறானா என்று நான் ஒளிந்திருந்து பார்த்தேன். அவன் வந்து பார்த்துவிட்டு, பத்திரமாகச் சாத்திவிட்டுப் போகிறான். திருடன் என்றால் ஒரு பொறுப்பு வேண்டாமா மாமா?

இதெல்லாம் கூடப் பொறுத்திருப்பேன். அவனுக்கு வேலை தெரியாது. ஒன்றுமே தெரியாது. அரத்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. திங்கட்கிழமை அப்பா வெளியே போயிருந்தபோது, ஓர் அம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாவிக்குக் காத்திருந்தார். இவன் வெட்டிய சாவியின் பல்லைப் பார்த்தால் எலி கடித்த மாதிரி இருந்தது. என்னைப் பார்த்து, "தங்கச்சி, ஒரு கை குடேன்" என்று கிசுகிசுத்தான். அந்தச் சாவியைப் பூட்டில் விட்டால் பூட்டு செத்துப் போகும், அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வேறொன்றை எடுத்து வெட்டி, ராவி, அவன் கையில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். சாவியை வாங்கினார், வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார். "பலே!" என்றார். மாமா, எனக்கு "ம்". அவனுக்குப் "பலே". என் சாவிக்கே எனக்கு "ம்", அவன் கையில் இருந்தால் "பலே". நான் டீத் தம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், தம்ளர் ஏன் நெளியவில்லை என்று தெரியவில்லை. அன்றிலிருந்து கடைச் சாவியெல்லாம் அப்பாவின் கண் மறைவில் நான்தான் வெட்டுகிறேன், பலேயெல்லாம் அவன்தான் வாங்குகிறான்.

அவனே ஒருநாள் என்னிடம், "கதவு பூட்டவே இல்ல தங்கச்சி, தள்ளினேன், தொறந்துக்கிச்சு. உங்கப்பாகிட்ட சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு" என்றான். எனக்கு எல்லாம் விளங்கியது. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அப்பாவின் முன்னால் போய் நின்று, "அப்பா, நீங்க பூட்டிட்டுத் தொறந்து பாத்தீங்க, மறுபடி பூட்டவே இல்ல, அவர் கதவைத் தள்ளிக்கிட்டுதான் வந்தார், அவருக்கு ஒண்ணுமே தெரியாது" என்று ஒரே மூச்சில் சொன்னேன். அப்பா, "நானா பூட்டாம போவேன்? பொறாமை கண்ணை மறைக்குதும்மா" என்றார். அம்மா ஓடி வந்து என் முகத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். "பொண்ணு வாயைத் தொறந்துட்டா! இவ்வளவு நீளமா பேசி நான் கேட்டதே இல்ல! எல்லாம் அந்தப் புள்ள வந்த ராசி!"

பூட்டைத் திறந்தவனும் அவன், என் வாயைத் திறந்தவனும் அவன். ஆமாம், பொறாமைதான் மாமா. வயிறு எரிகிறது, பச்சைத் தண்ணீர் குடித்தாலும் கொதிக்கிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாருங்கள். சீருடையில் வாருங்கள். கொஞ்சம் மீசையை முறுக்கிக்கொண்டு வாருங்கள். அவனைக் கூட்டிக்கொண்டு போய் எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், அடிக்க மட்டும் வேண்டாம், உடம்பு தாங்காது. எனக்கு என் ஸ்டூல் வேண்டும்.

அத்தையின் முதுகுவலி குறையட்டும். குட்டிப்பயலுக்கு முளைக்க வேண்டிய பல்லெல்லாம் சீராக முளைக்கட்டும். உங்களுக்கு இடமாற்றம் எங்கள் பக்கமே கிடைக்கட்டும். பெரியவர்களின் பாதங்களைத் தொட்டு வணங்கும்,

உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: உறைக்குப் பசை தேடிக்கொண்டிருக்கும்போது அவன் போய்விட்டான், இரண்டு நாளாகிறது, கடிதம் இன்னும் ஒட்டாமலே கிடக்கிறது. கடைத்தெருவில் ஒரு நகைக்கடைக்காரரின் இரும்புப் பெட்டி திறக்க வரவில்லையாம். "நாளைக்கு நம்ம கடைத் தம்பியைக் கூட்டிட்டு வரேன், கடைத்தெருவே வேடிக்கை பாக்கட்டும்" என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அதைக் கேட்டதும் பின்வாசல் வழியாகப் போனவன்தான். ஒன்றும் எடுத்துப் போகவில்லை, நீலச் சட்டையைக்கூட மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒரு சாவி வெட்டினேன், இதுவரை வெட்டியதிலேயே நல்ல சாவி. அப்பா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அவன் வெட்டினா பல்லு ஒவ்வொண்ணும் பேசும்" என்று பெருமூச்சு விட்டார். அம்மா முட்டையை உடைக்கும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சுகிறாள். மாமா, இங்கே இருந்தவரை அவன் ஸ்டூலில் மட்டும்தான் உட்கார்ந்திருந்தான், போன பிறகு வீடு முழுக்க உட்கார்ந்திருக்கிறான். இருக்கிறவனோடு சண்டை போடலாம், ஓடிப் போனவனோடு எப்படிப் போட்டி போடுவது? ஆகவே மேலே எழுதியதெல்லாம் வேண்டாம். தயவுசெய்து அவனைத் தேடிப் பிடித்து இங்கேயே திரும்பக் கொண்டுவந்து விடுங்கள். அப்பா கண்ணெதிரே அவன் ஒரே ஒரு சாவி வெட்டட்டும், எனக்கு அது போதும். ஆனால் கைவிலங்கு மாட்டிக் கூட்டி வராதீர்கள். அதைத் திறந்து காட்டு என்று அப்பா எதிரே உட்கார்ந்துவிடுவார், கடைசியில் அதையும் நான்தான் திறந்துவிட வேண்டியிருக்கும்.