கியூபாவுக்கு ஒரு பிடி அரிசி

கியூபா தேசம் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றதற்கு மூன்று காரணங்கள் உண்டு. கியூபாக்காரர்களின் வீரம் ஒன்று. அமெரிக்காவின் பீரங்கி இன்னொன்று. மூன்றாவதும் முக்கியமானதும், கோலார் தங்கவயலில் நாங்கள் நடத்திய 'கியூபா சுதந்திர அனுதாப சபை'. இதை எந்தச் சரித்திரக்காரனும் எழுத மாட்டான். பொறாமை. ஆகவே, சபையின் காரியதரிசியும் சுரங்க ஆபீஸ் குமாஸ்தாவுமான தாமோதரனாகிய நானே எழுதிவைக்கிறேன்.

அடிமைப்பட்ட தேசம் ஒன்றைப் பொறுக்கி எடுப்பது லேசுப்பட்ட காரியமல்ல. முதல் கூட்டத்தில் யாரோ "அயர்லாந்து" என்றார். சபைத் தலைவரும் எங்கள் ஹெட் கிளார்க்குமான பர்னபாஸ் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"யோவ், அது தொரைங்களுக்குப் பக்கத்து வூடுய்யா! தூரமா ஒண்ணு பாருங்க."

"கியூபா இருக்குதுங்க ஐயா. ஸ்பெயின்காரன் ஆள்றான்," என்றேன்.

"நம்ம சுரங்கத்துல ஸ்பெயின்காரன் பங்கு ஏதாவது?"

"காலணாகூட இல்லீங்க."

"அப்போ அது கொடுமதான்," என்று பர்னபாஸ் கண்கலங்கினார்.

அன்று முதல் நாங்கள் கலங்காத நாளில்லை. மதராஸ் பத்திரிகை பங்காருபேட்டை வழியாக ரயிலில் ஒருநாள் தாமதமாக வரும். நாங்களும் ஒருநாள் தாமதமாகக் கலங்குவோம். அங்கே ஜனங்களை வீட்டைவிட்டு விரட்டி, வேலிக்குள் அடைத்து, பட்டினி போட்டார்களாம். படித்ததும் எனக்கு இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. மூன்றாவது வேளை இறங்கிற்று.

பிறகுதான் பர்னபாஸுக்கு அந்த மகத்தான யோசனை உதித்தது. அவருடைய சர்ச்சில் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காணிக்கையாகக் கொண்டுபோவார்கள். அதையே சுரங்கக் கூலிகள் குடியிருக்கும் லைன் முழுக்க, கியூபாவுக்காக நடத்தினோம். மாரியம்மனைக் கும்பிடுகிற வீடுகளும் போட்டன.

அதில் முதலிடம் பாப்பம்மாவுக்கு. சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்யும் ராஜப்பாவின் மனைவி.

"அந்த ஊரு பேத்தமங்களா ஏரிக்கு அந்தாண்டயா ஐயா?" என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் அந்தாண்ட."

"எந்தாண்ட இருந்தா இன்னா, பசி பசிதானே," என்று இன்னொரு பிடி போட்டாள். இப்படிப்பட்ட தியாகிகளால்தான் எங்கள் சபை வளர்ந்தது.

இந்த நேரம் பார்த்து ராஜப்பா ஒரு சில்லறைச் சங்கதியைக் கிளப்பினான். ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவன் தங்கம் ஒளித்திருக்கிறானா என்று பார்க்க, தலைமயிரை உதறி, வாயைத் திறக்கச் சொல்லி, கோமணத்தையும் அவிழ்த்துச் சோதனை போடுவார்கள். முன்பு அதற்கு மூங்கில் தட்டி மறைப்பு இருந்தது. காற்றில் விழுந்தது. நிர்வாகம் சிக்கனத்தை உத்தேசித்துத் திரும்பக் கட்டவில்லை. சோதனை திறந்தவெளியில் நடந்தது. கல் உடைக்கும் பெண்கள் போகிற வழி அது.

"சோதன போடுங்க சாமி. தட்டி மட்டும் கட்டுங்க," என்றான் ராஜப்பா. அவிழ்க்க மறுத்து நின்றுவிட்டான்.

திமிர் என்று வேலையைவிட்டு நீக்கினார்கள். லைன் குடிசை சுரங்கத்துக்குச் சொந்தம். சனிக்கிழமைக்குள் காலி செய்யச் சொன்னார்கள்.

ஸ்பெயினைக் கண்டித்துத் தீர்மானம் எழுதிக்கொண்டிருந்த எங்கள் கூட்டத்துக்குள் பாப்பம்மா வந்துவிட்டாள்.

"கிளார்க்கு ஐயா, நீங்க தெனம் தொரைகிட்ட பேசறீங்க. ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. ரெண்டு தட்டி கட்டிட்டா அவுரு நாளைக்கே வேலைக்கு எறங்கிடுவாரு."

பர்னபாஸ் மிகவும் கனிவாகவே பதில் சொன்னார். "அம்மா, இது சர்வதேச சபை. உள்ளூர் விஷயம் எடுக்கக் கூடாதுன்னு விதி."

"வூட்ட வுட்டுத் தொரத்தறாங்க ஐயா."

"அங்கயும் தொரத்தறாங்கம்மா. அதுக்குத்தானே கூடியிருக்கோம்!"

"நான் போட்ட அரிசியாவது குடுங்க. புள்ளைங்களுக்கு வழியில ஆவும்."

"அது இனிமே கியூபா சொத்து. தொடக் கூடாதும்மா."

அவள் வாசல்வரை போய்த் திரும்பினாள். "எங்களுக்காக அழுவறதுக்கு எந்த ஊர்ல ஐயா சபை வச்சிருக்காங்க?"

அன்றைய நிகழ்ச்சி நிரலில் அந்தக் கேள்வி இல்லாததால் அடுத்த விஷயத்துக்குப் போனோம். குடியிருப்பவர்களை வீட்டைவிட்டு விரட்டுவது நாகரிக உலகத்துக்கு அடுக்காது என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சனிக்கிழமை ராஜப்பா குடும்பம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பங்காருபேட்டைப் பக்கம் நடந்தது. எங்கள் லைன் குடிசைகளுக்குச் சுவரே மூங்கில் தட்டிதான். அவன் குடிசையைப் பிரித்து ஓரமாகப் போட்டார்கள்.

1899-ஆம் வருஷப் பிறப்பன்று வெற்றி கிட்டியது. ஸ்பெயின்காரன் தன் கொடியை இறக்கினான். அமெரிக்கக்காரன் தன் கொடியை ஏற்றினான். சுதந்திரம் என்றால் சும்மாவா! அரிசியை ஏற்றிக்கொள்ள எந்தக் கப்பலும் சம்மதிக்காததாலும், புழு வைக்கத் தொடங்கியதாலும், வெற்றிப் பொங்கல் வைப்பதென்று முடிவாயிற்று.

ஆனால் பொங்கலன்று பார்த்து, தங்க ஆலை கழித்துக் கொட்டிய மணல் காற்றில் பறந்து வந்து பானையில் விழுந்தது. பர்னபாஸ் பதறிப்போனார். "ஒரு தேசத்தோட அரிசிய இப்படி வெட்டவெளியில வக்கறதா? மானம்னு ஒண்ணு வேணாவா? போய்த் தொரைகிட்ட தட்டி கேளுய்யா!"

போனேன். ராஜப்பா குடிசையின் தட்டிகள் அங்கேயேதான் கிடந்தன. பானையைச் சுற்றி நான்கு பக்கமும் மறைத்துக் கட்டினோம். பொங்கல் ஒரு துளி தூசி படாமல், யார் கண்ணிலும் படாமல், கௌரவமாக வெந்தது.

எங்கள் துரையைக் கல்நெஞ்சக்காரர் என்று லைனில் சிலர் பேசிக்கொள்கிறார்களாம். அபாண்டம். நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். உடனே கொடுத்துவிட்டார்.